தோட்டி வாசல்

விக்டோரியா மகாராணி 1837 முதல் 1901 வரை ஆண்டாள். அந்த அறுபத்து மூன்று வருஷத்தில் நீலகிரி மலைமேல் எழும்பிய வீடுகளுக்கெல்லாம் இப்போது ஒரே பெயர்தான். நில புரோக்கர்கள் 'விக்டோரியன் காட்டேஜ்' என்கிறார்கள். மகாராணி இந்தியாவுக்கே வந்ததில்லை. ஆனாலும் அவள் பேரைச் சொன்னால் சென்டுக்கு விலை ஏறுகிறது. சரிந்த ஓட்டுக்கூரை, கூரை விளிம்பில் சரிகை மாதிரி செதுக்கின மரப்பலகை, மூன்று பக்கமும் கண்ணாடி வைத்து வெளியே துருத்திக்கொண்டிருக்கும் ஜன்னல், கணப்படுப்பு, அதற்கொரு புகைக்கூண்டு. இவ்வளவும் இருந்தால் அது விக்டோரியன். இந்தப் பட்டியலில் ஒன்று மட்டும் எப்போதும் விட்டுப்போகும். ஒவ்வொரு படுக்கையறையை ஒட்டியும் ஒரு குளியலறை இருக்கும். அந்தக் குளியலறைக்கு வெளிப்பக்கமாக ஒரு சின்னக் கதவு இருக்கும். அது தோட்டி வந்துபோகிற கதவு.

குன்னூர்ப் பக்கம் அப்படியொரு வீட்டின் பின்பங்கை எங்கள் குடும்பம் வாங்கிப் பழுது பார்த்தது. நாங்கள் அருந்ததியர். சக்கிலியர் என்று சொன்னால்தான் பல பேருக்குப் புரியும். எங்கள் குடும்பத்தில் பொம்பளைகள் மூன்று தலைமுறையாகப் பங்களாக்களில் பீ அள்ளினவர்கள். இதைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை எழுத முடியாது.

வாங்கின கதையை ரொம்ப நீட்ட வேண்டியதில்லை. எங்கண்ணன் அருவங்காடு கார்டைட் ஃபேக்டரியில் வேலை பார்த்து 2015-ல் ஓய்வு பெற்றது. அக்கா நர்ஸ். நான் பள்ளிக்கூட வாத்திச்சி. மூன்று பேர் பணத்தையும் ஒன்றாகப் போட்டோம். அந்த வீடு எப்பவோ மூன்று பங்காகப் பிரிந்து போயிருந்தது. முன்பங்கு இரண்டும் நல்ல விலைக்குப் போய்விட்டன. பள்ளத்தைப் பார்த்த ஒரு படுக்கையறை, அதன் குளியலறை, சாமான் அறை, தள்ளி ஒரு அவுட் ஹவுஸ், இவ்வளவும் சேர்ந்த பின்பங்கை யாரும் சீந்தவில்லை. கூரை ஒழுகியது, சுவரெல்லாம் ஓதம். விற்கிறவர்கள் சார்பில் வந்த ஆள் எங்கள் பூர்வீகத்தை மூன்று தடவை கேட்டான். கடைசியில், "குலதெய்வம் எதுங்க?" என்றான். அண்ணன், "டிடிதாங்க எங்க குலதெய்வம், எந்த பேங்குல எடுக்கறதுன்னு மட்டும் சொல்லுங்க" என்றது. 2016-ல் பத்திரம் ஆனது.

பத்திரத்துக்கு முன்னால் அம்மாவை ஒரு தடவை கூட்டிக்கொண்டு போய்க் காட்டினோம். அம்மா முன்பக்கமாக வரவில்லை. நாங்கள் கேட்டைத் திறந்துகொண்டிருக்கும்போதே வேலியோரமாக இறங்கிப் பின்னால் போய்விட்டது. போய்ப் பார்த்தால் அந்தச் சின்னக் கதவுக்கு முன்னால் நின்றுகொண்டிருக்கிறது. "இது அவ்வா பாத்த வூடு" என்றது. அவ்வா என்றால் எங்கள் பாட்டி. எங்கள் வீட்டுக்குள் தெலுங்குதான்.

அம்மா பங்களா வேலைக்குப் போனது எங்களுக்குத் தெரியும். எந்தப் பங்களா என்று நாங்கள் கேட்டதுமில்லை, அது சொன்னதுமில்லை. எங்கள் சனத்தில் இதையெல்லாம் பிள்ளைகளிடம் சொல்வதில்லை. அன்றைக்குத்தான் சொல்லுச்சு.

"விடிகாத்தால, தொரசானி எந்திரிக்கறதுக்கு முன்னால வந்துரணும். கதவத் தட்டக் கூடாது. உள்ள ஆளிருந்தா தாப்பா போட்டிருக்கும். தாப்பா இல்லன்னா போலாம். எங்கம்மா உள்ள போகும், நான் சாம்பக் கூடைய வெச்சுக்கிட்டு வெளிய நிப்பேன். மரப்பெட்டி ஒண்ணு, மேல வட்டமா ஓட்ட போட்டிருக்கும், அதுக்குள்ள எனாமல் வாளி. வாளிய உருவி, சாம்பலக் கொட்டி மூடி எங்கையில குடுக்கும். அந்தா, கீழ ஓடைக்கு இந்தாண்ட குழி இருந்துது. மழைல வழுக்கும். ஒருக்கா விழுந்து மேலெல்லாம் ஆயிப்போச்சு. ஓடைல முங்கிட்டு ஈரத்துணியோட நின்னேன். பனி வேற. பத்துப் பதினோரு வயசிருக்கும்."

அம்மா பிறந்தது 1946-ல். அப்படியென்றால் இது 1956, 57-ல் நடந்தது. வெள்ளைக்காரன் போய்ப் பத்து வருஷம் ஆகியிருந்தது. போகாமல் இங்கேயே தங்கிவிட்ட வயசான தொரசானிகள் இந்த மலையில் அப்போது நிறையப் பேர் இருந்தார்கள். தொரசானிக்குச் சுதந்திரம் வந்ததால் பெரிதாக ஒன்றும் மாறவில்லை. அம்மாவுக்கும் மாறவில்லை.

இன்னொன்றும் சொல்லுச்சு. "இந்த வூட்டுல எத்தன பேரு, யாரு விருந்தாளி வந்திருக்கா, யாருக்கு வயிறு சரியில்ல, எல்லாம் எங்கம்மாவுக்குத்தான் மொதல்ல தெரியும். டாக்டருக்குக்கூட அப்பறந்தான்." ஆனால் குளியலறைக்கும் படுக்கையறைக்கும் நடுவிலே இருக்கிற உள்கதவுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறதென்று அம்மா பார்த்ததே இல்லை. எழுபது வயசில்தான் அந்தக் கதவைத் தாண்டியது.

இந்த இடத்தில் வெள்ளைக்காரனின் சுத்தத்தைப் பற்றிக் கொஞ்சம் பேசியாக வேண்டும். இவர்களுக்கு வேறு வழி தெரியாமல் இப்படிக் கட்டினார்கள் என்று நினைத்தால் அது பொய். 1851-ல் லண்டனில் நடந்த பெரிய கண்காட்சியிலேயே தண்ணீர் இழுத்துவிடுகிற கக்கூஸை ஜார்ஜ் ஜென்னிங்ஸ் என்பவர் பொதுமக்களுக்கு வைத்துக் காட்டினார். 1858 கோடையில் தேம்ஸ் நதியின் நாற்றம் தாங்காமல் பாராளுமன்றமே மூக்கைப் பிடித்தது. அதற்கப்புறம் பேசல்ஜெட் என்ற பொறியாளர் ஊருக்கடியில் மைல் கணக்கில் சாக்கடைக் குழாய் கட்டினார். 1865-ல் அது திறக்கப்பட்டது. அதே மகாராணி ஆண்ட அதே காலம். அங்கே காசைக் கொட்டிச் செங்கல்லால் குழாய் கட்டினார்கள். இங்கே குழாய்க்குப் பதிலாக எங்கள் அவ்வா இருந்தாள். மலையில் தண்ணீர்க் கஷ்டம், குழாய் போடக் கஷ்டம் என்று காரணம் சொல்லலாம். வாளிக்கும் சாம்பலுக்கும் ஆள் கிடைக்கிற வரைக்கும் எவனும் குழாயைப் பற்றி யோசிக்கப் போவதில்லை என்பதுதான் உண்மை. இங்கிலாந்திலும் ராத்திரியில் பீ அள்ளிக்கொண்டு போனவர்கள் இருந்தார்கள். அவர்களும் ஏழைகள்தான், அவர்களையும் ஊர் ஏளனம் செய்தது. ஆனால் அவன் மகன் வேறு வேலைக்குப் போனால் யாரும் பிடித்து நிறுத்தவில்லை. வேலையைப் பிறப்போடு சேர்த்துக் கட்டிக் கொடுத்தது நம்ம ஊர்ச் சாதி. வெள்ளைக்காரன் செய்தது, அதற்கு அளவெடுத்து ஒரு கதவு வைத்ததுதான்.

கக்கூஸ் என்ற சொல்லே டச்சுக்காரர்களிடமிருந்து வந்தது. கூஸ் என்றால் அவர்கள் பாஷையில் வீடு. சொல்லும் அவனுடையது, பெட்டியும் அவனுடையது, அள்ளுகிற கை மட்டும் நம்முடையது. 2017-ல் திவ்யபாரதி 'கக்கூஸ்' என்ற பேரிலேயே ஆவணப்படம் எடுத்தபோது எத்தனை பேருக்குக் கோபம் வந்தது என்று நமக்குத் தெரியும். அள்ளுவதைப் பார்த்து வராத கோபம் காட்டியதைப் பார்த்து வந்தது.

சரி, வீட்டுக்கு வருகிறேன். எங்களுக்கு மேஸ்திரியாக அமைந்தது எங்கள் தாய்மாமன். சின்னப் பையனாக இருக்கும்போதே சுண்ணாம்புச் செக்கில் மாடு ஓட்டின ஆள். அவர் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "எந்த மடையன்டா இதுக்கு சிமிட்டி பூசுனவன்?" என்றார். இந்த வீடுகளின் சுவர் கருங்கல்லும் மண்சாந்தும். மேலே சுண்ணாம்புப் பூச்சு. மண்ணும் சுண்ணாம்பும் மழைக்காலத்தில் ஈரத்தைக் குடிக்கும், வெயிலில் வெளியே விட்டுவிடும். யாரோ நடுவில் வந்து வெளியிலும் உள்ளேயும் சிமெண்ட் பூசிவிட்டார்கள். உள்ளே போன ஈரத்துக்கு வெளியே வர வழியில்லை. சுவர் உள்ளுக்குள்ளேயே ஊறி, மண்சாந்து சேறாகி, பூச்சு பாளம் பாளமாக வீங்கி நின்றது. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் அடிக்கிற மலையில் இது விஷம். சிமெண்டைக் கொத்தி எடுக்கவே இரண்டு மாசம் ஆனது.

அப்புறம் சுண்ணாம்பு. கல் சுண்ணாம்பைத் தொட்டியில் கொட்டித் தண்ணீர் விட்டால் உலை மாதிரிக் கொதிக்கும். அதைச் சல்லடையில் வடித்துக் குழியில் ஊற வைத்தோம். எவ்வளவு நாள் ஊறுகிறதோ அவ்வளவு நல்லது. மணலும் செங்கல் பொடியும் சேர்த்து, கடுக்காயும் வெல்லமும் ஊறின தண்ணீர் விட்டுக் குழைத்தோம். மாமாவுக்கு எழுபத்திரண்டு வயசு. கைக்குழந்தையைக் குளிப்பாட்டுகிற மாதிரி அந்தச் சுவரைத் தடவினார். அவருக்கு அந்த வீட்டின் மேல் ஒரு பிரியம் வந்துவிட்டது. "தொர கட்டுனானாம் தொர. தொரைக்குக் கரண்டி புடிக்கத் தெரியுமாடா?" என்று பேசிக்கொண்டே வேலை செய்வார். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. ஊட்டியில் முதல் ஐரோப்பிய வீடான கல் பங்களாவை 1822-ல் கலெக்டர் ஜான் சல்லிவன் கட்ட ஆரம்பித்தார் என்று எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. நடுவட்டத்துச் சின்கோனாத் தோட்டத்தில் சீனக் கைதிகளைக் கொண்டுவந்து வேலை வாங்கினதும் இருக்கிறது. தோடரும் படகரும் கோத்தரும் இருந்த மலையில் வந்து கல் உடைத்தவன், கல் தூக்கின சித்தாள், சுண்ணாம்பு அரைத்தவன் பேர் எதிலும் இல்லை.

கூரையைப் பற்றி ஒரே ஒரு விஷயம். ஓடுகளில் 'பாசல் மிஷன்' என்ற முத்திரையும் 1865 என்ற வருஷமும் இருந்தன. முன்பங்குக்காரர், "பாத்தீங்களா, ஆயிரத்து எண்ணூத்து அறுவத்தஞ்சாம் வருஷத்து ஓடு" என்று பெருமைப்பட்டார். அது மங்களூரில் பாசல் மிஷன்காரர்கள் ஓட்டுத் தொழிற்சாலை ஆரம்பித்த வருஷம். பின்னால் செய்த ஓட்டிலும் அதே வருஷத்தைத்தான் அச்சடித்தார்கள். நான் அதைச் சொன்னேன். அவர் முகம் சுருங்கிப்போனது. அதற்கப்புறம் எங்களோடு பேச்சைக் குறைத்துக்கொண்டார். ஓடு மட்டும்தான் காரணமா என்று தெரியாது.

அவுட் ஹவுஸைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதில் இரண்டு அறை. பட்லருக்கு ஒன்று, ஆயாவுக்கு ஒன்று. தோட்டிக்கு அங்கேயும் இடமில்லை. அவ்வா இருந்தது கீழே, ஓடைக்கு அப்பால். அம்மா சொல்லுச்சு: "பட்லரு நல்லவருதான். மிஞ்சினது இருந்தா தாளுல சுருட்டி அந்தக் கல்லு மேல வெச்சுட்டுப் போவாரு. நாங்க வந்து எடுக்கறவரைக்கும் தள்ளி நிப்பாரு." அந்த பட்லரும் சேரியிலிருந்து வந்தவர்தான், பறையர்.

நம் இதழ்களில் இதைப் பேசுகிறபோது ஒரு சங்கடம் வருகிறது. சங்கடத்தோடேயே பேசலாம். நீலகிரிப் பங்களாக்களுக்கும் தலித் அரசியலுக்கும் நெருங்கின சம்பந்தம் உண்டு. அயோத்திதாசரின் பாட்டனார் கந்தப்பன் ஒரு வெள்ளைக்காரத் துரைக்கு பட்லராக இருந்தவர். அயோத்திதாசர் இந்த மலையில் பல வருஷம் வாழ்ந்தார். 1891 டிசம்பர் 1-ந் தேதி திராவிட மகாஜன சபையின் மாநாட்டை இந்த நீலகிரியில்தான் கூட்டினார். 1893-ல் 'பறையன்' இதழைத் தொடங்கின இரட்டைமலை சீனிவாசன், சென்னைக்குப் போவதற்கு முன்னால் இங்கே ஐரோப்பியக் கம்பெனியில் கணக்கராக இருந்தவர். சமையல்கட்டிலும் கணக்குப் பிள்ளை மேஜையிலும் நின்ற சனத்துக்கு ஒரு எழுத்து, ஒரு மாதச் சம்பளம், வெளி உலகத்தைப் பார்க்க ஒரு ஜன்னல் கிடைத்தது. அதிலிருந்து ஒரு அரசியல் முளைத்தது. அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. எனக்கும் அது பெருமைதான். ஆனால் பூர்வ பௌத்தர் என்று அவர் கட்டின வீட்டில் தோட்டிக்கும் சக்கிலிக்கும் இடம் வைக்கவில்லை என்ற விமர்சனம் எங்கள் பக்கத்திலிருந்து வருகிறது. அதற்கு இன்னும் நேராகப் பதில் வரவில்லை என்பதும் எனக்குத் தெரியும். முன்வாசல் துரைக்கு, பக்கவாசல் பட்லருக்கு, பின்வாசல் எங்களுக்கு. ஒரே வீட்டுக்குள் மூன்று வாசல் இருந்தது என்பதை மறந்துவிட்டு ஒற்றுமை பேசினால் அது நிற்காது.

கதவை என்ன செய்வது என்பதில்தான் எங்கள் வீடு இரண்டுபட்டது.

அண்ணன் முதல் நாளே சொல்லிவிட்டது: "கல்லு வெச்சு அடைச்சுரு மாமா. தடம் தெரியக் கூடாது." நான் வேண்டாம் என்றேன். அப்படியே இருக்கட்டும், இன்னார் வந்துபோன கதவு இது என்று ஒரு கல்லில் எழுதி வைப்போம் என்றேன். எல்லாப் பங்களாவிலும் இந்தக் கதவை அடைத்து, பூசி, வெள்ளையடித்து மறைத்துவிட்டார்கள். நாமும் மறைத்தால் எப்படி? அண்ணனுக்குக் கோபம் வந்துவிட்டது. "நீ வாத்திச்சி, ரெண்டு பேருக்குப் பாடம் நடத்துவ. நான் தெனம் அந்தப் பக்கம் பல்லு வெளக்கப் போகணும். எம்பேத்தி வந்து, இது என்ன தாத்தான்னு கேக்கும். நான் என்ன சொல்லட்டும்?" என்றது. அண்ணன் மகன் இஞ்சினியரிங் படித்தவன். அவனுக்கு வேறு கணக்கு. பின்னால் ரெண்டு அறையை டூரிஸ்டுக்கு வாடகைக்கு விடலாம், அந்தக் கதவுக்கு நீலப் பெயிண்ட் அடித்து, பக்கத்தில் பூந்தொட்டி வைத்தால் போட்டோவுக்கு நன்றாக இருக்கும் என்றான். அண்ணி குறுக்கே வந்து, "யாரு வேணா என்ன வேணாச் சொல்லுங்க, எனக்கு அங்க வாஷிங் மெஷினு வெக்கணும். காத்து வராம அடைங்க" என்றது.

இந்தச் சண்டை நடந்துகொண்டிருக்கும்போது பழைய பங்களாக்களைப் பார்த்துப் படம் எடுத்துப் போகிறவர்கள் நாலைந்து பேர் வந்தார்கள். நல்ல மனுஷர்கள்தான். சுண்ணாம்புப் பூச்சைப் பார்த்து மாமாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். கணப்படுப்பைப் பார்த்தார்கள், ஜன்னல் கொக்கியைப் பார்த்தார்கள். பின்னால் வந்தபோது ஒரு பெரியவர் அந்தக் கதவைக் காட்டி, "இதுதாம்மா சர்வீஸ் டோர். இதெல்லாம் இப்ப அபூர்வம், எடுத்துராதீங்க" என்றார். அம்மா அங்கேதான் வெயிலில் உட்கார்ந்து கடுக்காய் தட்டிக்கொண்டிருந்தது. அவர் சொன்னது அம்மாவுக்குப் புரியவில்லை. நான் தமிழில் சொன்னேன். அம்மா அவரை நிமிர்ந்து பார்த்து, "தோட்டி வாசலுங்க அது" என்றது. அவர் "ஆமாமா" என்று தலையாட்டிவிட்டு நகர்ந்துவிட்டார். வைத்திருந்தால் இதுதான் நடக்கும் என்று அண்ணன் சொன்னபோது என்னால் பதில் சொல்ல முடியவில்லை. நாம் கதவை வைத்துக் காப்பாற்றினாலும் அதற்குப் பேர் வைப்பது வேறு யாரோ. ஆனாலும் அடைத்துவிட்டால் அந்தப் பேரைத் திருத்துவதற்குக்கூட அங்கே ஒன்றும் இருக்காதே என்பது என் வாதம். இன்றைக்கும் அதுதான் என் வாதம்.

கடைசியில் அம்மாவைக் கேட்டோம். முதலிலேயே கேட்டிருக்க வேண்டியது என்று யாராவது சொல்லலாம். அம்மா முதலிலேயே, "உங்க வூடு, உங்க இஷ்டம்" என்று சொல்லிவிட்டு ஒதுங்கியிருந்தது. இந்தத் தடவை ஒதுங்கவில்லை. "கதவக் கழட்டி எனக்குக் குடுங்க, வெந்நி அடுப்புக்கு ஆகும்" என்றது. பழைய தேக்கு, விற்றால் காசு வரும் என்று அண்ணன் மகன் சொல்லிப் பார்த்தான். அம்மா கேட்கவில்லை. மாமா கீலைக் கழற்றிக் கதவை நாலாகப் பிளந்து கொடுத்தார். மூன்று நாளைக்கு வெந்நீர் காய்ந்தது. தேக்கு நின்று எரிந்தது. அம்மா முழுக்கக் குளித்தது. இதில் நான் சொல்ல ஒன்றுமில்லை.

வாசலைக் கல் வைத்து அடைத்தோம். உள்பக்கம் பூசி வாஷிங் மெஷின் வந்துவிட்டது. வெளிப்பக்கம் மட்டும் அந்த வாசல் அளவுக்குச் சுண்ணாம்பு பூசாமல் விட்டார் மாமா. வளைவுக் கல்லும் நிலையின் தடமும் அப்படியே தெரியும். அது நான் கேட்டு வாங்கினது. அண்ணன் அந்தப் பக்கம் பார்ப்பதில்லை. எழுத்து ஒன்றும் இல்லை. அம்மா பள்ளத்தைப் பார்த்த ஜன்னல் உள்ள அறையைத் தனக்கு எடுத்துக்கொண்டது. அதில் யாருக்கும் மறுபேச்சு இல்லை.

இதைவிடப் பெரிய விவகாரம் புதுக் கக்கூஸில் வந்தது. சாமான் அறையை மாற்றிக் கக்கூஸ் கட்டினோம். பிளான் போட்ட இஞ்சினியர், "செப்டிக் டேங்க் போட்ருங்க, நெறஞ்சா வண்டிக்குப் போன் பண்ணா வந்து உறிஞ்சிட்டுப் போயிருவான்" என்றார். அண்ணன் கேட்டது: "வண்டில யாருங்க வருவாங்க?"

அவருக்குக் கேள்வி புரியவில்லை. டிரைவர் வருவான், கிளீனர் வருவான் என்றார். அண்ணன் விடவில்லை. "அடில கெட்டியா நின்னுக்கிட்டா? ஓஸ் அடைச்சுக்கிட்டா? மூடியத் தொறந்து யாரு எறங்குவா?" இஞ்சினியர் பேசவில்லை. யார் இறங்குவான் என்று அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். 1993-ல் ஒரு சட்டம் வந்தது, 2013-ல் இன்னொரு சட்டம் வந்தது. மனிதனை இறக்கக் கூடாது என்று எழுதியிருக்கிறது. 2014 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் செத்தவர் குடும்பத்துக்குப் பத்து லட்சம் கொடுக்கச் சொன்னது. 2023 அக்டோபரில் அதையே முப்பது லட்சம் ஆக்கியது. தொகை ஏறுகிறது என்றால் சாவு நிற்கவில்லை என்றுதானே அர்த்தம். எங்கள் சொந்தத்திலேயே ஒருவன் கீழ்நாட்டில் ஒரு ஓட்டல் தொட்டிக்குள் இறங்கி விஷவாயு அடித்துச் செத்தான். இருபத்தாறு வயசு.

அதனால் அண்ணன் இரட்டைக் குழிதான் என்று பிடிவாதமாக நின்றது. இது புதுசு ஒன்றுமில்லை. பிந்தேஷ்வர் பாட்டக் 1970-ல் ஆரம்பித்த சுலப் அமைப்பு நாடு முழுக்கப் பரப்பின முறை இது. இரண்டு குழி. சுற்றிலும் செங்கல்லை இடைவெளி விட்டுக் கட்ட வேண்டும், அடியில் வெறும் மண்தான். கக்கூஸிலிருந்து வருகிற குழாய் ஒரு சின்னத் தொட்டிக்கு வந்து இரண்டாகப் பிரியும். ஒரு குழியை அடைத்து வைத்துவிட்டு மற்றதை மட்டும் விட வேண்டும். தண்ணீர் மண்ணில் இறங்கிவிடும். ஐந்து பேர் இருக்கிற வீட்டுக்கு ஒரு குழி சுமார் மூன்று வருஷம் வரும். நிறைந்ததும் அதை மூடிவிட்டு அடுத்ததைத் திறக்க வேண்டும். மூடினது இரண்டு வருஷம் சும்மா கிடந்தால் மக்கி எருவாகிவிடும். யாரும் பீயைத் தொட வேண்டியதில்லை. ஒரு வாளி தண்ணீர்கூட வேண்டாம், இரண்டு செம்பு போதும்.

எங்கேயும் போட முடியாது. ஊற்றுக்கும் கிணற்றுக்கும் பக்கத்தில் கூடாது. மலைச்சரிவில் கண்ட இடத்தில் தோண்டினால் கீழே இருக்கிறவன் தண்ணீரில் கலக்கும். அண்ணன் ஒரு மாசம் நிலத்தை நடந்து பார்த்தது. அம்மாவைக் கேட்டு, மழையில் எங்கே தண்ணீர் கசியும், எங்கே கசியாது என்று குச்சி நட்டது. அந்த நிலத்தை அம்மாவுக்குத் தெரிந்த அளவு இஞ்சினியருக்குத் தெரியாது. வாளியோடு நடந்த கால் அது. ஓடையிலிருந்து நன்றாகத் தள்ளி, மேட்டில், சமமான ஒரு திட்டில் இடம் அமைந்தது. இஞ்சினியர் கையெழுத்துப் போட்டார். வீட்டுக்கு அழகு இல்லை என்று முணுமுணுத்தார்.

முன்பங்குக்காரர் இதற்கு ஆட்சேபம் சொன்னார். நாற்றம் வரும், காட்டேஜின் மதிப்பு இறங்கும் என்றார். அவர் வீட்டு செப்டிக் டேங்க் மூடியில் விரிசல் விட்டிருப்பதை மாமா காட்டினார். அப்புறம் அவர் பேசவில்லை.

2018-ல் குடி வந்தோம். 2021 கடைசியில் முதல் குழி நிறைந்தது. மாற்றிவிட்டோம். 2024 பிப்ரவரியில், வெயில் காய்ந்துகொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, அண்ணன் மூடியை நகர்த்தியது. அக்காவும் நானும் நின்றோம். அண்ணன் மகன் மூக்கைப் பொத்திக்கொண்டு தள்ளி நின்றான். கறுப்பாக, உதிரியாக, மண்தான் இருந்தது. மழைக்கு அப்புறம் தோட்டத்தில் வருகிற வாசனை. அண்ணன் மண்வெட்டியால் அள்ளிப் போட்டது, ஏழெட்டுக் கூடை வந்தது. ஹைட்ரேஞ்சியாவுக்குப் போடலாம் என்றது அக்கா. கேரட் பாத்திக்குப் போடலாம் என்றது அண்ணன். அதற்கும் ஒரு சண்டை நடந்தது.

அம்மாவைக் கூப்பிட்டோம். வரவில்லை. சீரியல் ஓடிக்கொண்டிருந்தது.